சுகரும் மனச்சோர்வும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, பதினோரு வருஷமாகச் சுகர். போன ஆடியில் கால் கட்டைவிரலில் புண் வந்து, ஆறுவதற்கு மூன்று மாதம் ஆனது. அதிலிருந்து ஆளே மாறிவிட்டார். தினமும் சில்வர் பீச்சுக்குப் போய் நடந்துவிட்டு வருபவர், இப்போது திண்ணையை விட்டு இறங்குவதில்லை. மாத்திரையைக் கொடுத்தால் "இதைப் போட்டு இனிமே என்ன ஆகப்போகுது" என்கிறார். போன மாதம் சித்தப்பா பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்தார். அப்பாவுக்கு மட்டும் கொடுக்காமல் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று கேட்டால், "அவருக்கென்ன பைத்தியமா" என்று அம்மா சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் பலாப்பழ வரியைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. எங்கள் வீட்டிலும் இதைத்தான் செய்தோம்.

அம்மாவுக்குச் சுகர் வந்தபோது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்தோம். காலையில் விரலைக் குத்திப் பார்த்து நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருந்தேன். 180 என்று இருந்தால் "நேத்து ராத்திரி என்னம்மா சாப்பிட்ட?" என்று விசாரணையைத் தொடங்கிவிடுவேன். ஒரு மாதம் முழுக்க 110, 114, 108 என்றே இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பார்த்தால் 10.4 சதவீதம், ரொம்ப அதிகம். வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். ஸ்ட்ரிப் டப்பாவின் சீல்கூடப் பிரிக்கவில்லை. கேட்டதற்கு, "உன் மூஞ்சி மாறுறதப் பாக்க முடியலடி" என்றாள்.

மறுநாளிலிருந்து எண்ணைக் கேட்பதற்கு முன்னால் "தூங்கினியாம்மா?" என்று கேட்க ஆரம்பித்தேன். நாலாவது நாள் அழுதாள். மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்பதே அப்போதுதான் வெளியே வந்தது.

உங்கள் அப்பா பிடிவாதம் பிடிக்கவில்லை, தங்கை. சுகர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். மனசு விட்டுப்போனால் நடை நிற்கும், மாத்திரை தவறும். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் தன் பங்குக்குச் சுகரை ஏற்றும். ஏறிய சுகர் உடம்பை இன்னும் தளர்த்தும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) உதவியோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சுகர். நாலில் ஒருத்தர்! டீக்கடையில்கூட "சக்கரை இல்லாம" என்று கூச்சமில்லாமல் சொல்கிறோம். மனசு சரியில்லை என்பதை மட்டும் வீட்டுக்குள்ளேயே சொல்ல முடிவதில்லை.

தினமும் குத்திப் பார்ப்பது, அளந்து சாப்பிடுவது என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிச் சலித்துப்போவது ஒன்று. அதற்குப் பேச்சுத்துணையும், சுமையைக் கொஞ்சம் பங்குபோட்டுக்கொள்வதுமே நிறைய உதவும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல் கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வருகிறது.

முதலில் வழக்கமாகப் பார்க்கும் சுகர் டாக்டரிடமே போங்கள். ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல் தூக்கம், பேச்சு, நடை நின்றுபோனது எல்லாவற்றையும் சொல்லுங்கள். தைராய்டும் வைட்டமின் பி12-உம் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவதுண்டு, அதுவே ஆளைச் சோர்த்துப்போடும். மனநலப் பிரிவு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் உண்டு, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் உண்டு. அங்கே எழுதித்தரும் மாத்திரைகளில் சில எடையையும் சுகரையும் ஏற்றும். அதனால் சுகர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சுகரையும் மனச்சோர்வையும் சேர்த்துக் கவனித்தால் பலன் உண்டு. சென்னை உட்பட நம் நாட்டில் நான்கு இடங்களில் 404 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. மருத்துவரோடு கூடவே ஓர் உதவியாளரும் விடாமல் விசாரித்து வந்த குழுவில், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட அதிகம் பேருக்கு மனச்சோர்வு பாதியாகக் குறைந்தது. அதோடு சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றில் ஒன்றாவது இறங்கியது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அப்பாவின் கால் புண்ணுக்கு மூன்று மாதம் கட்டுப்போட அலைந்தவர்தானே அவர்.

"இனிமே என்ன ஆகப்போகுது" என்று அப்பா சொல்வதை மட்டும் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "வாழவே வேண்டாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

பலாப்பழம் ஒரேயடியாக விலக்க வேண்டிய பொருள் இல்லை. எத்தனை சுளை, அதற்கு எவ்வளவு சோறு குறைக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தடவை சித்தப்பா வரும்போது, முதல் சுளையை அப்பா தட்டில் வைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா