வயல் ஓரம் கிடக்கும் கல்லில் உள்ள எழுத்தை எப்படிப் படிப்பது?

ஆத்தூர்ப் பக்கம் வரப்பில் எழுத்துள்ள நடுகல் கிடக்கிறது, சுண்ணாம்பு தடவிப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆழமில்லாத வெட்டுக்குள் சுண்ணாம்பு காய்ந்தால் அதைச் சுரண்டும்போது எழுத்தும் தேயும். ஆசிட், கம்பி பிரஷ் இரண்டும் அதைவிட மோசம்.

முதலில் மாலை இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட கல்லோடு ஒட்டிப் பிடித்துப் படமெடுங்கள். பாதி எழுத்து அதிலேயே தெரிந்துவிடும்.

உள்ளூர் வரலாற்று ஆய்வு மையத்தார் வந்தால் மைப்படி, அதாவது எழுத்தை மையால் தாளில் ஒற்றிய படி, எடுப்பார்கள். தண்ணீரும் நார் பிரஷும் கொண்டு பாசியைக் கழுவி, நனைத்த மேப்லித்தோ என்னும் அச்சுத் தாளைக் கல்மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷால் தட்டுவார்கள். காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடத்தில் எழுத்து விழாது. தாள் ஏறத்தாழ உலர்ந்து, தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கும்போது துணிப்பொதியில் மை தொட்டு லேசாக ஒற்ற வேண்டும். ஈரம் மிஞ்சினால் மை பரவும், முழுக்கக் காய்ந்தால் தாள் கழன்று வரும். மை ஏறாத பள்ளங்கள்தான் வெள்ளை எழுத்து. வெயிலும் காற்றும் எதிரி, விடியற்காலைதான் தோது.

பிறகு எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்துக் காலத்தைக் கணிப்பார்கள். ஏற்கெனவே பதிப்பான கல்வெட்டா என்று மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளோடு ஒப்பிடுவதில்தான் நேரம் போகும். அவசரப்பட்டு 'புதிய கண்டுபிடிப்பு' என்று பத்திரிகைக்குக் கொடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

கல்லை மட்டும் இடம் மாற்றாதீர்கள். நின்ற திசை, சுற்றிலும் உள்ள மற்ற கற்கள், அளவு எல்லாம் குறித்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சேர்வராயன் மலைக் கோயில்களில் பிள்ளையாராகக் கும்பிடும், கற்கால மனிதர் தேய்த்துச் செய்த வழவழப்பான கற்கோடரிகளுக்கும் இதே விதிதான்.