ரிசீவருக்குள் ஒடிந்து நிற்கும் ஸ்க்ரூ: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்கோப் பேஸை (ரைஃபிளில் குறிநோக்கியைப் பொருத்தும் அடித்தகடு) கழற்றும்போது 6-48 ஸ்க்ரூ (ஆறாம் எண் அளவு, அங்குலத்துக்கு 48 மரை) ஒன்றின் தலை மட்டும் தனியாக வந்துவிட்டது. தண்டு ரைஃபிள் ரிசீவருக்குள் (குழலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பகுதி) நிற்கிறது. ஈஸி அவுட் போட்டு எடுக்கலாமா?

பதில்: ஈஸி அவுட் (ஒடிந்த ஸ்க்ரூவைத் திருகி வெளியே எடுக்கும் கருவி) வேண்டாம். 6-48 ஸ்க்ரூவின் வெளிவிட்டமே 3.5 மி.மீ.தான். அதற்குள் துளை போட்டு இறக்கும் ஈஸி அவுட் ஊசிபோல் இருக்கும். கொஞ்சம் அழுத்தித் திருகினாலே முறிந்துவிடும். முறிந்த துண்டு சாதாரண டிரில் பிட் ஏறாத அளவுக்குக் கடினமானது. எளிதாக வந்திருக்க வேண்டிய ஸ்க்ரூ, அதன்பிறகு மின்பொறி அரிப்பு இயந்திரம் இருக்கும் பட்டறைக்குப் போயாக வேண்டும்.

முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பகுதி) வெளியே எடுங்கள். மற்ற ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பேஸை அகற்றுங்கள். தலைக்குக் கீழே ஒடிந்திருந்தால் தண்டு பெரும்பாலும் ரிசீவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தலை போனதுமே இறுக்கமும் போய்விடுகிறது. மரையைப் பிடித்திருப்பது துருவும் பூட்டுப் பசையும் (மரை தளராமல் இருக்கப் போடும் பசை) மட்டும்தான். (ஸ்க்ரூ நீளம் அதிகமாகி நுனி அடியில் முட்டி நின்றிருந்தால் இது பொருந்தாது. அப்போது தலை போன பிறகும் இறுக்கம் அப்படியே இருக்கும்.)

பிடித்திருப்பது பசையென்றால் ஊடுருவும் எண்ணெய் ஊற்றிப் பயனில்லை, அது துருவுக்குத்தான். பசைக்குச் சூடு வேண்டும். வலுவான வகையான சிவப்புப் பசை இளக ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் தேவை. சால்டரிங் அயர்னின் நுனியைத் தண்டின்மேல் சில நிமிடங்கள் அழுத்தி வையுங்கள். ரிசீவர் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் பொறுமை வேண்டும். கேஸ் டார்ச்சை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். ரிசீவரின் வெப்பப் பதம் கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாது. சூடு ஆறுவதற்குள் நீட்டியிருக்கும் பகுதியைக் கைச்சக்கில் (மெல்லிய தண்டைக் கவ்விப் பிடிக்கும் சிறு கைக்கருவி) பிடித்து, இடம்வலமாகச் சிறிது சிறிதாக அசைத்துக் கழற்றுங்கள். இடுக்கி வழுக்கினால் ரிசீவரின் மேற்பூச்சில் கீறல் விழும்.

கேள்வி: என்னுடையது மட்டத்துக்குக் கீழே ஒடிந்திருக்கிறது. பிடிக்க எதுவுமே இல்லையே?

பதில்: கூர்மையான சிறு உளியின் முனையைத் தண்டின் விளிம்பருகே வைத்து, கழலும் திசையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் 2 மி.மீ. அளவில், இடப்பக்கம் சுற்றும் கோபால்ட் டிரில் பிட் எடுங்கள். அது வெட்டும் திசையும் ஸ்க்ரூ கழலும் திசையும் ஒன்றே. துளை பாதி இறங்குவதற்குள் தண்டு பிட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடுவது வழக்கம்.

சிக்கல் மையத்தில்தான். ஒடிந்த முகம் சரிவாக இருப்பதால் பிட் பக்கவாட்டில் நழுவி மரையைத் தின்னும். பேஸையே வழிகாட்டியாக்குங்கள். மற்ற ஸ்க்ரூக்களால் அதை மறுபடி பொருத்தி, ஒடிந்த ஸ்க்ரூவின் துளையில் கச்சிதமாக அமரும் புஷ் (நடுவில் துளையுள்ள சிறு உருளை) ஒன்றைக் கடைந்து போடுங்கள். அதன் நடுவில் 2 மி.மீ. துளை இருக்கட்டும். கை டிரில் கூடாது. ரிசீவரை வைஸில் மட்டமாகக் கட்டி, டிரில் பிரஸ்ஸில் மெதுவான வேகத்தில் வெட்டுங்கள்.

எந்தத் துளை என்பதையும் பாருங்கள். பின்பாலத்தின் (ரிசீவரின் பின்பக்க மேற்பகுதி) துளைகள் பெரும்பாலும் போல்ட் ஓடும் பாதைக்குள் திறந்திருக்கும். அங்கே தண்டு கீழ்நோக்கிச் சுழன்று உள்ளே விழுந்தாலும் நல்லதே. முன்வளையத்துத் (குழல் திருகி நிற்கும் ரிசீவரின் முன்பகுதி) துளைக்குக் கீழே இருப்பது குழலின் மரையும் தோட்டா அறையும். ஆழத் தடை பொருத்தாமல் அங்கே டிரில் இறக்காதீர்கள். அதற்கு வசதி இல்லையென்றால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மரை சிதைந்துவிட்டால்?

பதில்: லேசான சேதமென்றால் 6-48 டேப்பை (மரை வெட்டும் கருவி) ஓட்டிச் சீர்செய்யலாம். அடைப்புத் துளைக்கு (மறுபக்கம் திறக்காத துளை) அடிவரை வெட்டும் டேப் தேவை. சரியாகாவிட்டால் 8-40 அளவுக்கு (எட்டாம் எண், அங்குலத்துக்கு 40 மரை) உயர்த்துவதுதான் வழி. 3.57 மி.மீ. துளை, 4.17 மி.மீ. ஸ்க்ரூ, இழுவை தாங்கும் குறுக்குப் பரப்பு சுமார் 40 சதவீதம் கூடும். பேஸின் துளைகளையும் தலைக்குழியையும் அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும். துளைகள் முன்பே கோணலாக இருந்தால், மில்லிங் இயந்திரத்தில் இதே வேலையோடு அவற்றை நேராக்கிவிடலாம்.

கேள்வி: மறுபடி ஒடியாமல் இருக்க?

பதில்: நீளத்தைச் சரிபாருங்கள். முன் ஸ்க்ரூவை மட்டும் போட்டு இறுக்கிய பின்னும் பேஸ் ஆடினால், நுனி அடியில் முட்டுகிறது. நுனியைச் சிறிது தேய்த்துக் குறையுங்கள். மரையின் பழைய பசையை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். நீலப் பசை ஒரு சொட்டு போதும், சிவப்பு வேண்டாம். பேஸ் தயாரிப்பாளர் தரும் முறுக்கு அளவே முதன்மை. 6-48 எஃகு ஸ்க்ரூவுக்கு அது வழக்கமாக 15 முதல் 20 அங்குல-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2.3 நியூட்டன் மீட்டர். ஈரப் பசை வழவழப்பைத் தருவதால் அதே முறுக்கில் ஸ்க்ரூ கூடுதலாக இழுபடும். ஆகவே கீழ் எல்லையில் நிறுத்துங்கள்.