சேகரம் என்றால் என்ன? ஒரே ஐயர் பல ஊர்க் கோயில்களை எப்படிக் கவனிக்கிறார்?

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை) வழக்கில், 'ஐயர்' என்று அழைக்கப்படும் ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் பல ஊர்ச் சபைகளின் தொகுப்பே சேகரம். பெரிய ஊரில் ஐயர் குடியிருப்பார். சிற்றூர்களில் உபதேசியார் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) சபையை நடத்துவார்.

காரணம் எளிது. திருவிருந்து (அப்பமும் திராட்சைரசமும் பகிரும் நற்கருணை) நடத்த அபிஷேகம் பெற்ற குரு வேண்டும், ஊருக்கு ஒருவரை வைக்க ஆளும் இல்லை, சின்னச் சபையின் காணிக்கை அதற்குப் போதவும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையம் போலத்தான்: டாக்டர் ஓரிடத்தில், துணை நிலையங்களில் நர்ஸ்.

ஆகவே ஞாயிறு அட்டவணைதான் சேகரத்தின் உயிர். இன்ன ஞாயிறு இன்ன ஊரில் திருவிருந்து என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கு அப்பமும் ரசமும் போகும். விழுங்கச் சிரமப்படும் பாட்டிக்கு அப்பத்தில் சிறு துண்டைக் கிள்ளி ரசத்தில் தோய்த்துக் கொடுப்பார்கள். அவசரமாகச் செய்யக்கூடிய வேலையே அல்ல இது. அடுத்த ஊர் ஆராதனையை நெருக்கி வைத்தால் முதலில் விடுபடுவது இந்த வீடுகள்தான்.

திருமணத்திலும் சிக்கல் வரும். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பொதுவாகக் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணிக்குள் திருமணம் நடக்க வேண்டும். ஒரே முகூர்த்த நாளில் இரண்டு ஊர்களில் கல்யாணம் என்றால் ஐயர் திணறிப்போவார். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவரிடம் தேதியைக் கேளுங்கள்.

ஐயர் வராத ஞாயிற்றில் "கோயில் இல்லை" என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். உண்மையில் அன்றும் ஜெபம், பாட்டு, வேதவாசிப்பு, பிரசங்கம் எல்லாம் உண்டு, திருவிருந்து மட்டும்தான் இருக்காது.