பருத்தி வேரைத் தின்னும் நூற்புழுவும் எதிர்ப்பு ரகங்களும்: கேள்வி பதில்

மேடம், பிடி பருத்தி போட்டால் நூற்புழுவும் வராது என்கிறார் விதைக்கடைக்காரர். நிஜமா?

இல்லை. நம் சந்தையில் உள்ள பிடி ரகங்களின் புரதம் காய்ப்புழுக்களின் குடலைத் தாக்குவது. மண்ணுக்குள் வேரைத் துளைக்கும் நூற்புழுவை அது தடுக்காது.

அக்கா, செடிகள் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கின்றன. பிடுங்கிப் பார்த்தேன், வேரில் முடிச்சே இல்லை. அப்போ நூற்புழு இல்லைதானே?

அவசரப்படாதீர்கள் தம்பி. முடிச்சு போடுவது வேர்முடிச்சு நூற்புழு. மணற்பாங்கான நிலம் அதற்குத் தோது. மொச்சை வடிவ நூற்புழு முடிச்சே போடாது. பெண் புழு தலையை வேருக்குள் புதைத்து, உடம்பை வெளியே விட்டபடி சாறு உறிஞ்சும். வேர்ப்பகுதி மண்ணை எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். இரண்டில் எது என்று தெரியாமல் ரகம் தேடுவது வீண். ஒன்றைத் தடுக்கும் மரபணு மற்றதைத் தடுக்காது.

வேர்முடிச்சுக்கு எதிர்ப்பு எங்கிருந்து கிடைத்தது?

அமெரிக்காவின் அலபாமாவில், ஆபர்னில். ஷெப்பர்டு என்ற ஆய்வாளர் கிளீவ்வில்ட் 6 என்ற பழைய ரகத்தையும் மெக்சிகோவின் காட்டுப் பருத்தி ஒன்றையும் கலப்புச் செய்தார். பெற்றோர் இரண்டுக்கும் எதிர்ப்பு சுமார்தான். பிள்ளையான ஆபர்ன் 623 இரண்டையும் தாண்டிப் போனது! காரணம் பின்னால்தான் விளங்கியது. ஒரு மரபணு 11ஆம் குரோமோசோமில் இருந்து முடிச்சைக் குறைக்கிறது; இன்னொன்று 14ஆம் குரோமோசோமில் இருந்து முட்டையைக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழு பலம்.

1970களிலேயே கிடைத்தது என்றால், விவசாயி கைக்கு வர ஏன் இவ்வளவு காலம்?

சோதிப்பதுதான் சிரமம். நூற்புழுவை விட்டு வளர்த்து, ஒவ்வொரு செடியின் வேரையும் கழுவி முட்டையை எண்ண வேண்டும். ஆயிரக்கணக்கான செடிகளுக்கு இதை யார் செய்வது? மேலும் ஆபர்ன் 623இன் மகசூல் குறைவு. நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்தாக வேண்டும். மரபணுவுக்கு அடையாளமாக நிற்கும் டிஎன்ஏ குறியீடுகள் வந்தபின், ஒரு துண்டு இலையை வைத்தே மரபணு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

மொச்சை வடிவ நூற்புழுவுக்கு எதிர்ப்பு உண்டா மேடம்?

உண்டு. இந்தக் கதை எனக்கு மிகவும் முக்கியம். கிழக்கு ஆப்பிரிக்காவில் லாங்கிகேலிக்ஸ் என்ற காட்டுப் பருத்தி இருக்கிறது. அதில் இந்தப் புழு பெருகவே முடியாது. ஆனால் அதற்கு 26 குரோமோசோம், நாம் பயிரிடும் ஹிர்சூட்டத்துக்கு 52. நேரடிக் கலப்பு மலடாகிவிடும். அதனால் மூன்றாவது இனம் ஒன்றைப் பாலமாக வைத்து, மூவினக் கலப்பில் மரபணுவைக் கொண்டுவந்தார்கள். 2007இல் அந்த மரபணு ஏறிய லோன்ரென் என்ற பருத்தி வரிசைகள் வெளியாயின. புழு எண்ணிக்கை அபாரமாகக் குறைந்தது. ஆனால் புழு மிகுந்த வயல்களில் நாற்றுகளே வளர்ச்சி குன்றின. புழு குத்திய இடத்தில் வேர் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டியதே காரணம்.

பிறகு பார்படென்ஸ் என்ற இன்னொரு பருத்தி இனத்தின் ஜிபி 713 என்ற விதைச் சேகரிப்பிலிருந்து பார்ப்ரென் 713 என்ற வரிசை உருவானது. அதில் அந்தக் குன்றல் இல்லை. இன்று அமெரிக்காவில் மொச்சை வடிவ நூற்புழுவைத் தாங்கும் வணிக ரகங்களே விற்பனைக்கு வந்துவிட்டன. புழு எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, வயலில் எடை போட்ட பஞ்சையும் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பார்படென்ஸ் என்றால் நம் சுவின் பருத்தி ரகமும் அதுதானே? அப்போ சுவினுக்கும் எதிர்ப்பு இருக்குமா?

இனம் ஒன்று என்பதால் எதிர்ப்பு வந்துவிடாது. ஜிபி 713 அந்த இனத்தின் தனி ஒரு சேகரிப்பு. சோதித்துப் பார்க்காமல் எந்த ரகத்தையும் நம்ப வேண்டாம்.

எதிர்ப்பு ரகம் கிடைத்தால் பயிர் சுழற்சியை விட்டுவிடலாமா?

கூடாது. ஒரே மரபணுவை வருடா வருடம் விதைத்தால், அதை மீறும் புழுக்களை நாமே தேர்ந்தெடுத்து வளர்க்கிறோம். வாடல் நோய் உள்ள வயலில் இன்னும் கவனம் தேவை. வேர்முடிச்சு சேர்ந்தால் வாடல் மோசமாகும் என்று 1892லேயே அட்கின்சன் என்ற ஆய்வாளர் அலபாமாவில் எழுதிவிட்டார். மொச்சை வடிவப் புழு என்றால் மக்காச்சோளம் நல்ல மாற்று. பருத்தியைத் தாக்கும் வேர்முடிச்சுப் புழுவோ மக்காச்சோளத்திலும் பெருகும். அங்கே நிலக்கடலை போடுங்கள்.