விடுமுறையில் தஞ்சாவூருக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறது. எதையெல்லாம் பார்க்கலாம்?

பாதி நாளைப் பெரிய கோயிலுக்கே கொடுத்துவிடுங்கள். மற்றவை மிச்ச நேரத்தில் அடங்கும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சுற்றுலா வேனில் போனேன். ஒரே நாளில் தஞ்சை, தாராசுரம், கும்பகோணம் மூன்றும். பெரிய கோயிலுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம், அதுவும் உச்சி வெயிலில். கல்தரையில் கால் வைக்க முடியவில்லை. நந்தியின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தைக் காட்டி “இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது” என்று வழிகாட்டி சொன்னதை நம்பிக்கொண்டு திரும்பினேன். அந்தக் குறை மனத்திலேயே கிடந்தது. அதனால் மே மாத விடுமுறையில் மனைவியையும் பதினொரு வயது மகளையும் அழைத்துக்கொண்டு முதல் நாள் இரவே தஞ்சையில் தங்கினேன். காலை ஆறரை மணிக்குக் கோயிலின் நுழைவுக் கோபுரமான கேரளாந்தகன் திருவாயிலைக் கடந்துவிட்டோம்.

தரை குளிர்ந்திருந்தது. 216 அடி உயர விமானத்தின் நிழல் மேற்குத் திருச்சுற்றை மூடிக் கிடந்தது. மகள் அதற்குள் போய் நின்று, “அப்பா, நிழல் விழுகிறதே!” என்றாள். நிழல் விழாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 1010இல் இந்த விமானத்தைக் கட்டி முடித்தவர்களுக்குப் பொய்ப் பெருமை தேவையில்லை.

நான் உங்களைப் போகச் சொல்வது விமானத்தின் வடபுற அடித்தளத்துக்கு. மே மாதக் காலை வெயில் அந்தப் பக்கம் சாய்வாக விழுகிறது. எழுத்தின் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கோடு நிழல் தங்கி, வரிகள் எழும்பி வந்ததுபோல் தெரிகின்றன. வெயில் ஏறிவிட்டால் அதே வரிகள் கல்லோடு கல்லாக மங்கிவிடும். ஆயிரம் ஆண்டு பழைய தமிழ் எழுத்தில் புள்ளி அநேகமாக இருக்காது, வடிவமும் மாறியிருக்கிறது. ஆனாலும் மகள் முதலில் ஒரு ‘ட’வைக் கண்டுபிடித்தாள், பிறகு ஒரு ‘ப’. கல்லைத் தொடாமல், விரலைக் காற்றில் நகர்த்தியே தேடினாள்.

ராஜராஜனின் புகழ்பெற்ற ஆணை அங்கேதான் இருக்கிறது: “நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லிலே வெட்டுக என்று. அக்கன் என்பது குந்தவை. தனக்கு அடுத்தபடியாக அக்காளைச் சொல்கிறான், பிறகு தேவியரை, அதன்பின் கொடுத்த எல்லோரையும். ‘மற்றும் குடுத்தார்’ என்ற அந்த இரண்டு சொற்களில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு பேரரசன் தன் கோயிலில் தன் பெயரை மட்டும் வெட்டச் சொல்லியிருந்தால் யார் கேட்டிருக்கப்போகிறார்கள்?

இன்னொரு கல்வெட்டு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. இறைவன் முன் ஆடவும் பாடவும் பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்தவர்கள். யார் எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை பெயர் பெயராக இருக்கிறது. ஊதியப் பங்கு ஒன்றுக்கு, ஆடவல்லான் என்னும் மரக்கால் அளவையால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். நாவிதருக்கும் தையற்காரருக்கும் கணக்கருக்கும்கூடப் பங்கு எழுதியிருக்கிறது. கோயிலைச் சிற்பத்துக்காக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இந்த மனிதர்களை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது என் வருத்தம்.

பத்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். பிறகு கால் சுடும். நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள்.

அடுத்தது அரண்மனை வளாகம். தர்பார் மண்டபம், மணிக்கோபுரம், சரசுவதி மகால் நூலகத்தின் சிறிய காட்சிக்கூடம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். கலைக்கூடத்தில் மட்டும் நில்லுங்கள், குறிப்பாகத் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன் முன்னால். 1011ஆம் ஆண்டின் செப்புத் திருமேனி. சடையைப் பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார். காளையின் மேல் சாய்ந்து நிற்கும் கோலம், ஆனால் காளை இல்லை. வலது கை வெறுங்காற்றின் மேல் அவ்வளவு நிம்மதியாக ஊன்றியிருக்கிறது! என் மனைவி பக்கவாட்டில் போய் நின்று, இல்லாத காளையின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தாள். அருகிலேயே தேவி, அடுத்த ஆண்டில் செய்யப்பட்டவர். நாங்கள் அங்கே இருந்தது ஏறக்குறைய அரை மணி நேரம். அவசரப்படுத்த யாரும் வரவில்லை.

மதியம் சாப்பிட்டு அறையில் படுத்துவிட்டோம். மே மாத வெயிலில் குழந்தையை வைத்துக்கொண்டு வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

ஐந்து மணிக்கு மறுபடியும் கோயில். இப்போது வெயில் மேற்கிலிருந்து, அதே வடபுறச் சுவரில். உள்ளூர்க் குடும்பங்கள் புல்வெளியில் உட்கார்ந்திருந்தன, பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மகள் நேராகக் காலையில் பார்த்த இடத்துக்குப் போய், பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைய ஆரம்பித்தாள். ஒரு வரி முடிக்க வெளிச்சம் போதவில்லை. அந்த நோட்டுக்கும் ஒரு பென்சிலுக்கும் உங்கள் பையில் இடம் வையுங்கள்.