சாப்பாட்டுக்கே 17,500 போகிறது, ஆர்.டி. கட்ட என்ன வழி?

கேள்வி: செங்கோட்டையில் சொந்த வீடு. கணவர், நான், அத்தை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மாத வருமானம் 36,000 ரூபாய். மளிகை 6,500, காய்கறி 3,200, மீன், கறி 2,800, பால் 2,000, மாவு பாக்கெட், பலகாரம், பரோட்டா 3,000 என்று சாப்பாட்டுக்கே 17,500 ஆகிவிடுகிறது. தபால் நிலையத்தில் மாதம் 3,000 ரூபாய் கட்டும் ஆர்.டி. (தொடர் வைப்பு) போட்டோம், ஐந்தாவது மாதமே கட்ட முடியவில்லை. எதைக் குறைப்பது?

பதில்: பாலைக் குறைக்காதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி 3,000. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ‘இன்றைக்கு என்ன செய்ய’ என்று யோசிக்கிற வீட்டுக்குத்தான் மாவு பாக்கெட்டும் பார்சலும் வரும். வாங்கி வைத்த காய் அதே இரவில் வாடிக்கொண்டிருக்கும். ஒரே வேளைக்கு இரண்டு செலவு.

ஞாயிறும் புதனும் மாவாட்டும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இட்லி அரிசி 1 கிலோ, உளுந்து 250 கிராம், ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டால் ஏறக்குறைய 50 இட்லிக்கு மாவு வரும். ஐந்து பேருக்கு இரண்டு வேளை. புளித்ததும் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். முதலில் இட்லி, மறுநாள் தோசை, மிஞ்சியது பணியாரம். வரிசையை மாற்றி இட்லியைக் கடைசிக்குத் தள்ளினால் மாவு புளித்துப்போய், கொட்டிவிட்டுப் பாக்கெட் வாங்க வேண்டி வரும். கேரள எல்லைக் கடைகளின் ‘பார்டர் பரோட்டா’வை அடியோடு நிறுத்த வேண்டாம், பிள்ளைகள் ஏங்குவார்கள். மாதம் இரண்டு முறை என்று தேதி குறித்துவிடுங்கள். இதில் மட்டும் 1,500 வரை மிச்சமாகும்.

காய்க்கு வாரக் கணக்கு போடுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் பொரியலுக்கு 450 கிராம், குழம்புக்கு 250 கிராம். வாரத்துக்கு 5 கிலோ போதும், வெங்காயம் தக்காளி தனி. கீரை முதல் நாள், வெண்டையும் கத்தரியும் அடுத்து, பூசணி, சேனை, உருளை கடைசியில். திட்டம் ஐந்து நாளுக்கு மட்டும் போடுங்கள். ஏழு நாளும் எழுதினால் ஒரு விருந்தாளி வந்தாலே கலைந்துவிடும். மிச்சம் மீதியைத் தீர்க்கவும் நாள் வேண்டும். பாவூர்சத்திரம் சந்தையில் விலை குறைவுதான். ஆனாலும் 5 கிலோ காய்க்காக அவ்வளவு தூரம் போனால் லாபம் பெட்ரோலுக்கே சரி.

அரிசி கார்டு இருந்தால் ரேஷனில் மாதம் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சாம்பாருக்கு 125 கிராம் என்றால் அந்த 1 கிலோ எட்டு நாளுக்கு வரும். அந்த எட்டு நாளை முதலில் காலண்டரில் குறித்துவிட்டு, மற்ற நாளுக்குத் தீயல் (வறுத்தரைத்த தேங்காய்க் குழம்பு), புளிசேரி (மோர்க்குழம்பு), சொதி (தேங்காய்ப்பால் குழம்பு), பயறு என்று நிரப்புங்கள். செங்கோட்டை 1956 வரை கேரளப் பக்கத்தோடு (திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி) இருந்த ஊர். தீயல் வைக்க உங்கள் அத்தைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டியலையே அவரிடம் கேட்டு எழுதினால் வீட்டில் எதிர்ப்பும் இருக்காது.

கேரள எல்லைப்பக்கம் என்பதால் இரண்டு பருவத்தைக் கவனிக்க வேண்டும். திருவோணத்துக்கு முந்தைய நாட்களில் காய் லோடு கேரளத்துக்குப் போகும், இங்கே விலை ஏறும். அந்த வாரம் மொச்சை, தட்டப்பயறு, வத்தல்தான் கைகொடுக்கும். வத்தலைப் பங்குனி, சித்திரை வெயிலிலேயே போட்டு வையுங்கள். சாரல் தொடங்கிவிட்டால் காயாது, பூசணம் பிடிக்கும். இன்னொன்று மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. அது முடிவதற்குள் கேரளத்தில் தடை தொடங்கி ஜூலை 31 வரை நீளும். இந்த மாதங்களில் கடல் மீனுக்குப் பதில் முட்டையோ குளத்து மீனோ எழுதுங்கள்.

எல்லாம் சேர்ந்து 2,500 வரை மிஞ்சலாம். அதற்காக மறுபடியும் 3,000 ரூபாய் ஆர்.டி. போடாதீர்கள். மாதத் தொகையை நடுவில் குறைக்க முடியாது. ஒரு தவணை தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம், நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். இரண்டு மாதம் திட்டப்படி சமைத்துப் பார்த்துவிட்டு 2,000 ரூபாய்க்குத் தொடங்குங்கள். 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருடம் கட்டினால் சுமார் 1,42,700 ரூபாய் கிடைக்கும். கை நிலைத்த பிறகு 1,000 ரூபாய்க்கு இரண்டாவது கணக்கு. 15ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளம் வந்ததும், மளிகைக்குப் போகும் முன்பே கட்டிவிடுங்கள்.