வெள்ளிக்கிழமை பஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

சொந்த ஊர் சாத்தூர். வேலை கிடைத்து பெங்களூர் வந்து நான்கு மாதம் ஆகிறது. பி.டி.எம். லேஅவுட்டில் மூன்று பெண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறேன். ஒருத்தி கர்நாடகத்து ஹுப்ளி, ஒருத்தி ஒடிசாவின் கட்டாக், இன்னொருத்தி பாலக்காடு. யாரோடும் சண்டை கிடையாது. ஆனால் யாரோடும் ஒட்டவும் இல்லை. வாடகை, கரண்ட் பில், சமையல் அக்கா சம்பளம் எல்லாம் ஆப்பில் பிரித்துக்கொள்கிறோம். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஒரே செய்தி ‘கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டது’ என்பதுதான். வந்த முதல் மாதம் நானே எல்லோரையும் கூப்பிட்டு நந்தி மலைக்கு ஏற்பாடு செய்தேன். மூன்று மணிக்கு எழுந்து, வண்டி வரிசையில் நின்று, மேலே போனால் ஒரே பனிமூட்டம், சூரியனே தெரியவில்லை. திரும்பி வந்து ஆளுக்கொரு மூலையில் படுத்துத் தூங்கினோம். அதற்குப் பிறகு யாரும் யாரையும் எங்கேயும் கூப்பிடவில்லை. மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போய்விடுவேன். மற்ற சனி, ஞாயிறு மாலிலும் ரீல்ஸிலும் கழிகிறது. இவர்களோடு எப்படிப் பழகுவது? இந்த ஊரில் எங்கே போவது? உங்களுக்கு இந்த ஊர் பழக்கம் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

நந்தி மலைக்குப் போய் சூரியனைப் பார்க்காமல் திரும்பியவர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தால் பெங்களூரில் பாதிப் பேர் உறுப்பினராக இருப்பார்கள். நானும் சந்தா கட்ட வேண்டியவள்தான். அது உங்கள் தப்பில்லை. முன்பின் தெரியாத நாலு பேர் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, பசியோடும் தூக்கத்தோடும் ஒரே காரில் உட்கார்ந்தால் சிநேகிதம் எங்கிருந்து வரும்? கல்யாணமாகிப் பத்து வருஷமானவர்களே அந்த நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. ‘மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போய்விடுவேன்.’ போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு எல்லாமே அதில்தான் இருப்பதாகப் படுகிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் நின்று பார்த்திருக்கிறேன். முதுகில் பை, கையில் இன்னொரு பை, காதில் போன், ‘அண்ணே, மதுரை வண்டி எங்கே நிக்குது?’ தமிழ்நாட்டுக்குப் போகிற ஆம்னி பஸ் பலவும் அந்த ரோட்டோரத்தில்தான் ஆளேற்றும். திங்கட்கிழமை விடிகாலையில் அதே கூட்டம் அரைத்தூக்கத்தில் இறங்கி, குளித்து, நேராக ஆபீஸ் போகும். மாதத்துக்கு எட்டு விடுமுறை நாள் என்றால் உங்களுக்கு நாலு அப்படிப் போகிறது. மீதி நாலில் துணி துவைக்க ஒரு நாள், தூங்க ஒரு நாள். அந்த வீட்டில் மற்றவர்களுக்கு நீங்கள் யார்? வெள்ளிக்கிழமை ஆனால் பையோடு கிளம்புகிற பெண். உங்களை நம்பி யாரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு திட்டம் போட முடியாது.

ஊருக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் அம்மா என்னைத் திட்டுவார்கள். ஆனால் கட்டாக் பெண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவள் ஊருக்கு ரயிலில் ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ போவாளாக இருக்கும். நீங்கள் ஊருக்குப் போகிற ஒவ்வொரு ஞாயிறும் அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். தண்ணீர் லாரி எப்போது வரும், எந்தக் கடையில் தயிர் புளிக்காது, மாடி வீட்டுத் தாத்தாவுக்கு எதற்குக் கோபம் வரும் எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். எங்கே போவது என்று என்னைக் கேட்டதற்கு அவளைக் கேட்டிருக்கலாம்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். 1994இல் அல்சூரில், ஜோகுபாளையாவில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி தாவணகெரே, ஒருத்தி திருச்சூர். நான் வாணியம்பாடி. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து கன்டோன்மென்ட்டில் ரயில் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டில் இருப்பேன். வாரம் தவறாமல் போனேன். அந்த இருவரும் என்னோடு மரியாதையாகப் பேசுவார்கள், அவ்வளவுதான். மலையாளிக்கும் கன்னடத்துக்காரிக்கும் தமிழச்சி என்றால் இளக்காரம் போல என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

ஒரு மாதம் எங்கள் ஆபீஸில் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனது. டிக்கெட்டுக்குக் காசில்லை, அறையிலேயே இருந்தேன். ஞாயிறு விடிகாலை நாலு மணிக்குக் குடம் உருளும் சத்தம் கேட்டு எழுந்தேன். எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் காவிரித் தண்ணீர் வரும். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிற தண்ணீர். எங்கள் தெருக் குழாய்க்கு வரும்போது நூல் மாதிரி இருக்கும். இரண்டு பேரும் கீழேயிருந்து சுமந்து வந்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் என் சிவப்புக் குடமும் இருந்தது. நான் ஊரில் தூங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு தண்ணீர் ஞாயிறும் என் குடத்தையும் அவர்கள்தான் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. திங்கட்கிழமை வந்து அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு, இவர்கள் ஒட்டுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன் நான்.

அன்றைக்கு எட்டுக் குடம் தூக்கினேன். பிறகு மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து, தாவணகெரேக்காரி ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மண்டக்கியைத் தின்றோம். நம் பொரிதான், அவர்கள் தாளித்து, பச்சை மிளகாய் போட்டுச் செய்வது வேறு தினுசு. சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரைக்கு நடந்து போனோம். அங்கே அப்போது திருவள்ளுவர் சிலை முகம் தெரியாமல் மூடிக் கிடந்தது. 1991இல் வைத்தது, திறக்க முடியாமலே இருந்தது. ‘யார் உள்ளே?’ என்று தாவணகெரேக்காரி கேட்டாள். சொன்னேன். ‘பார்க்க எப்படி இருப்பார்?’ எனக்குச் சட்டென்று வாயில் வந்தது, ‘தாடி இருக்கும்.’ அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் சுண்டல் விற்றவர் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு எத்தனையோ ஞாயிறு அந்தப் பக்கம் போயிருக்கிறோம். 18 வருஷம் மூடியிருந்த சிலையை 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்தார்கள். அன்றைக்கு அவளிடமிருந்து போன். எடுத்ததுமே ‘கட்ட இதெ கணே’ என்றாள். தாடி இருக்குடி.

சரி, என் கதை போதும். உங்கள் வீட்டில் குடம் இல்லை, கேன் இருக்கிறது. 20 லிட்டர் கேன். தீர்ந்துவிட்டது என்று குரூப்பில் போடுகிற நேரத்தில் புதுக் கேனைத் தூக்கி மாட்டிவிடலாம். மாட்டியதைக் குரூப்பில் சொல்லாதீர்கள். ஆப் கணக்கு இருக்கட்டும், காசு விஷயம் சுத்தமாக இருப்பது நல்லது. அதற்காகக் கொத்தமல்லிக் கட்டையும் பால் பாக்கெட்டையும் அதில் ஏற்ற வேண்டாம்.

அப்புறம், சோறு. நாலு ஊர்க்காரர்கள் இருக்கும் வீட்டில் எந்த அரிசி வாங்குவது என்பதே பெரிய பஞ்சாயத்து. பாலக்காட்டுக்கு மட்டை அரிசி வேண்டும். ஹுப்ளிக்கு அரிசியே இரண்டாம் பட்சம், ஜோள ரொட்டியும், அதாவது சோள ரொட்டியும், ஷேங்கா என்கிற நிலக்கடலைச் சட்னிப் பொடியும் இருந்தால் போதும். இந்தச் சண்டை வேண்டாமென்றுதான் சமையல் அக்கா தினமும் ஒரே உருளைக்கிழங்கை நாலு பேருக்கும் பொதுவாக வதக்கி வைத்துவிட்டுப் போகிறார் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு கொடுங்கள். கட்டாக் பெண்ணிடம் ‘பகாளா’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். சோற்றில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்து மறுநாள் சாப்பிடுவது. ஆமாம், நம் பழைய சோறேதான். மார்ச் 20ஆம் தேதியை அதற்கென்றே ஒரு நாளாக வைத்துக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அதைச் சாப்பிட்டதாக வெளியே சொல்லவே கூச்சம்! அவர்கள் தொட்டுக்கொள்ள உளுந்து வடகத்தை வறுத்து நொறுக்கி, பூண்டும் மிளகாயும் சேர்ப்பார்கள். நீங்கள் மோர் மிளகாய் வறுங்கள். சனிக்கிழமை ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றுவதற்கு மூன்று மணி அலாரம் தேவையில்லை.

வெளியே போவதற்கு வருகிறேன். நாலு பேரையும் ஒன்றாகக் கிளப்பாதீர்கள். நாலு பேர் என்றால் ஒருத்திக்குத் தலைவலி வரும், ஒருத்திக்கு மீட்டிங் வரும். ஒவ்வொருத்தியாகக் கூப்பிடுங்கள், அதுவும் சின்ன வேலைக்கு. இந்த ஊரில் அதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது, பை டூ காபி. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்து ஊற்றிக் கொடுப்பார்கள், யாரும் உங்களைக் கஞ்சம் என்று பார்க்க மாட்டார்கள். தர்ஷினி ஓட்டல்களில் உட்கார நாற்காலி கிடையாது, நின்றபடியே குடிக்க வேண்டும். அரை டம்ளர் தீருகிறவரை பேசினால் போதும். பேச்சு ஓடவில்லை என்றால் காபி தீர்ந்ததும் கிளம்பிவிடலாம், இருவருக்கும் சங்கடமில்லை. ஓடினால் இன்னொரு பை டூ.

ஹுப்ளிக்காரியோடு ஜே.பி. நகர் ரங்க சங்கராவுக்குப் போங்கள். 2004இல் திறந்த நாடக அரங்கம், நடிகர் சங்கர் நாக் நினைவாக வைத்தது. திங்கட்கிழமை தவிர அநேகமாக எல்லா நாளும் நாடகம் இருக்கும். ஆரம்பித்துவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், ஆகவே சில்க் போர்டு டிராஃபிக்கைக் காரணம் சொல்ல முடியாது, முன்னாடியே கிளம்புங்கள். கன்னட நாடகமாகவே பாருங்கள். பாதிதான் புரியும். மீதியைத் திரும்பி வரும் வழியில் அவள் சொல்லிக்கொண்டு வருவாள். அவளுக்கு அதுவரை உங்களிடம் சொல்வதற்கு என்ன இருந்தது, கேன் தண்ணீரைத் தவிர?

கட்டாக் பெண்ணோடு லால்பாக். பி.டி.எம்.மில் மஞ்சள் லைன் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறினால் மூன்றாவது ஸ்டேஷன். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம். மலர்க் கண்காட்சி நடக்கிற ஜனவரி, ஆகஸ்ட் வாரங்களில் மட்டும் போகாதீர்கள், பூவைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். சாதாரண ஞாயிறு காலை போய், உள்ளே இருக்கிற பெரிய பாறையில் ஏறி உட்காருங்கள். ஏறக்குறைய 300 கோடி வருஷம் பழைய பாறை என்கிறார்கள் புவியியல்காரர்கள். உச்சியில், இந்த ஊரை நிறுவிய கெம்பே கௌடாவின் கோபுரம். சூரியன் அங்கேயும் உதிக்கும், நந்தி மலைக்குச் சளைத்ததில்லை.

பாலக்காட்டுப் பெண்ணைப் பற்றி நீங்கள் ஊர்ப் பெயரைத் தவிர ஒன்றுமே எழுதவில்லை. அவளுக்குத் தனியாக இருக்கத்தான் பிடிக்குமோ என்னவோ. அப்படியென்றால் விட்டுவிடுங்கள். எல்லோரும் சிநேகிதியாகித்தான் தீர வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் இல்லை. ஒருவேளை படிக்கிற பெண்ணாக இருந்தால், சனிக்கிழமை காலையில் கப்பன் பார்க்கில் மரத்தடியில் பாய் விரித்து ஆளுக்கொரு புத்தகத்தோடு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். அங்கே பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடலாம்.

மாலுக்குப் போவதும் தப்பில்லை, ஏசி நன்றாக இருக்கும்.

ஒன்று மட்டும் நாலு பேருமாகப் போகலாம். பசவனகுடியில் பெரிய நந்தி கோயில் வாசலில் கடலைக்காய் பரிஷே, அதாவது நிலக்கடலைத் திருவிழா, கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை. கன்னடக் கார்த்திகை, தீபாவளி அமாவாசை முடிந்ததுமே தொடங்கிவிடும். நம் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போய் ஏமாறாதீர்கள். கடலைப் பயிரை மாடு வந்து மேய்ந்ததால் முதல் விளைச்சலை நந்திக்கே படைத்தார்கள் என்று கதை சொல்வார்கள். ரோடு முழுக்கக் கடலை குவிந்திருக்கும், பச்சையும் வறுத்ததும் அவித்ததுமாக. ஆபீஸ் முடிந்து ராத்திரி போகலாம். கடலை உரித்துக்கொண்டே நடக்கிறபோது யாருக்கும் போனை எடுக்கக் கை இருக்காது.

கடைசியாக ஒரு கேள்வி. சாத்தூரிலிருந்து வருகிறீர்கள், சேவு வாங்காமல் வந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பொட்டலத்தை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்? உங்கள் அலமாரியிலா, பொது மேஜையிலா? அடுத்த தடவை போகும்போது இரண்டு கிலோவாக வாங்குங்கள், காரம் கூடுதலாக. அதற்கு முன்னால் இந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸை ரத்து செய்யுங்கள். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அக்கா